புதிய தலைவர், பழைய காணி

"ஆர் குற்றினாலும் அரிசியானால் சரி" என்பது எங்கள் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பழமொழி. எத்தனையோ தலைவர்களைப் பார்த்துவிட்டோம், இவரையும் பார்ப்போம் என்ற எண்ணத்தோடு 2024ஆம் ஆண்டில் வாக்களிக்கச் சென்ற பலருக்கு இந்தப் பழமொழி நன்றாகவே பொருந்தும். ஆனால் கமம் செய்கிறவருக்கு இன்னுமொன்றும் தெரியும். அரிசியாவதற்கு நெல் வேண்டும். நெல்லுக்கு வயல் வேண்டும். வயலுக்குப் போகப் பாதையும், அது எங்களுடையதுதான் என்று காட்டக் கையில் ஒரு கடதாசியும் வேண்டும். குற்றுகிறவர் யார் என்ற கேள்வி இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

சனாதிபதி அநுர குமார திசாநாயக்கவை இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பார்க்கும் பார்வையில் எதிர்பார்ப்பும் ஐயமும் கலந்தே இருக்கின்றன. இரண்டுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றை அமைதியாக எடுத்துப் பார்ப்பதும், ஒரு தலைவரை நாம் எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்குகள் சொன்ன செய்தி

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் திரு. திசாநாயக்க முதற் சுற்றில் நூற்றுக்கு 42 வீதமளவான வாக்குகளையே பெற்றார். ஆகவே இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. இலங்கையின் சனாதிபதித் தேர்தல் வரலாற்றில் இது முதல் தடவையாகும். யாழ் மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்தவை 27,086 வாக்குகள் மட்டுமே. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற திரு. பா. அரியநேத்திரனுக்கு அதே மாவட்டத்தில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன.

இரண்டு மாதங்கூட ஆகவில்லை. நவம்பர் 14ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தில் 80,830 வாக்குகளைப் பெற்று முதலிடத்துக்கு வந்தது. அங்குள்ள 6 ஆசனங்களில் 3 அதற்குக் கிடைத்தன. நாடு முழுவதிலும் 225 ஆசனங்களில் 159 அதன் வசமாயின. பின்னர் 2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. யாழ் மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் தமிழ்க் கட்சிகளே மீண்டும் முன்னுக்கு வந்தன.

சனங்களுக்கு நிலையான புத்தியில்லை என்று இதைக் கண்டு சிலர் சொன்னார்கள். அப்படி எண்ணத் தேவையில்லை. புதிய நெல்லினம் ஒன்று வந்தால் நாம் முழு வயலிலும் அதை விதைப்பதில்லை. ஒரு துண்டில் விதைத்து, பயிரைப் பார்த்து, கதிரைப் பார்த்து, அடுத்த போகத்துக்கு என்ன செய்வதென்று தீர்மானிப்போம். யாழ்ப்பாணத்து வாக்காளர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். முதலில் தயங்கினார், பிறகு கொடுத்துப் பார்த்தார், பிறகு ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கொண்டார். ஐயத்தோடு வாக்களிப்பவர் ஜனநாயகத்துக்கு எதிரி அல்லர். அவரே அதன் நல்ல காவற்காரர்.

எதிர்பார்ப்புக்குக் காரணங்கள்

முதலாவது, இவர் பழைய ஆளும் குடும்பங்களிலிருந்து வந்தவர் அல்லர். 1968இல் பிறந்து, அநுராதபுர மாவட்டத்தின் தம்புத்தேகமவில் வளர்ந்தவர். குளத்தையும் வாய்க்காலையும் நம்பிச் சீவிக்கும் பிரதேசம் அது. 2004ஆம் ஆண்டிலிருந்து 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை விவசாயம், காணி, நீர்ப்பாசனம் ஆகிய துறைகளுக்கு அமைச்சராகவும் இருந்தார். போகம் தப்பினால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்று நாம் எண்ணுவது இயல்பே.

இரண்டாவது, பதவியேற்ற சில நாட்களுக்குள்ளேயே, அந்தப் பெரும்போகத்துக்கான பசளை மானியத்தை ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்துமாறு பணிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே உத்தரவில் தடைசெய்யப்பட்டதையும், அதே ஆண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்படும்வரை எங்கள் பயிர் பட்ட பாட்டையும் நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

மூன்றாவது, பாதைகள். 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் எழும்பியபோது மூடப்பட்ட பலாலிப் பகுதிப் பாதைகளில் சில 2024 நவம்பரிலிருந்து திறக்கப்பட்டன. 2025 ஏப்ரில் 10ஆம் திகதி வசாவிளான் பலாலி வீதியும் திறக்கப்பட்டது. முப்பத்தைந்து வருடங்களாகச் சுற்றிப்போன சனம் நேரே போயிற்று. அதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வீதி திறக்கப்பட்டபோது காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மாத்திரமே அனுமதி இருந்தது. நடந்து செல்லவோ இடையில் நிற்கவோ கூடாது என்றும் பலகை எழுதி வைத்தார்கள். கமம் செய்கிறவருக்கு இதன் பொருள் விளங்கும். வீதியால் போகும்போது தன் காணியைக் கண்ணால் காணலாம். இறங்கி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்க்க முடியாது.

ஐயத்துக்குக் காரணங்கள்

எங்கள் ஐயம் இன்று முளைத்ததல்ல. 1994 நவம்பரில் திருமதி சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க நூற்றுக்கு 62 வீத வாக்குகளோடு சனாதிபதியானார். சமாதானம் வரும் என்று தமிழ் மக்களும் நம்பினார்கள். 1995 ஜனவரி 8இல் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரில் 19இல் அது முறிந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சியை நோக்கி நடந்தது. ஓர் ஆண்டுக்குள் நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அன்று நடந்தவர்கள் மறக்கமாட்டார்கள். முறிவுக்கு ஒரு தரப்பு மாத்திரம் காரணமல்ல என்பதும் உண்மை. எவர் முறித்தாலும் வீட்டை விட்டு நடந்தவர்கள் நாங்களே.

2015 ஜனவரியில் திரு. மைத்திரிபால சிறிசேன தெரிவானபோதும் வடக்கும் கிழக்கும் பெருமளவில் வாக்களித்தன. அக்காலத்தில் வலிகாமம் வடக்கிலும் வேறு இடங்களிலும் காணிகள் ஓரளவு விடுபட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகமும் விடுபட்டது. ஆயினும் வேலை முடியவில்லை. 2024ஆம் ஆண்டில் புதிய தலைவர் பதவியேற்றபோதும் வலிகாமம் வடக்கில் 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட தனியார் காணி படையினரின் வசமே இருந்தது.

புதிய தலைவரின் கட்சிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2005இல் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பை எதிர்த்து மக்கள் விடுதலை முன்னணி அரசை விட்டு வெளியேறி, நீதிமன்றத்துக்கும் சென்றது. 2006இல் அக்கட்சியினர் தொடுத்த வழக்கின் விளைவாகவே அந்த ஆண்டு ஒக்டோபர் 16இல் வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனிதரும் கட்சிகளும் மாறலாம். மாறிவிட்டோம் என்று சொல்பவரிடம் எதில் மாறினீர்கள் என்று கேட்பது குறை காண்பதாகாது.

ஒரு வர்த்தமானியின் கதை

எதிர்பார்ப்பும் ஐயமும் ஒரே இடத்தில் சந்தித்த நிகழ்ச்சி ஒன்று 2025ஆம் ஆண்டில் நடந்தது. மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானியில், 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஓர் அறிவித்தல் வெளிவந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் தம் கோரிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும், தவறினால் அக்காணி அரச காணியாக்கப்படலாம் என்பதே அதன் சாரம்.

மூன்று மாதம் என்பது வீட்டில் குடியிருந்து, உறுதியைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவருக்குப் போதுமான காலம். எங்களுக்கு அப்படியா? 1995இல் ஒருமுறை, 2009 வரை வன்னியில் பலமுறை எழும்பி ஓடியபோது உறுதிகள் நீரிலும் நெருப்பிலும் போயின. காணிச் சொந்தக்காரர் சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். சிலர் வெளிநாட்டில். சிலர் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் இல்லை. சிலர் காணாமல் ஆக்கப்பட்டார்கள், அவர்களுக்காக வீட்டார் இன்னும் காத்திருக்கிறார்கள். இவர்களுக்கு வர்த்தமானி என்றொன்று வந்ததே தெரிய வராது.

2013 ஏப்ரிலிலும் இப்படி ஒன்று நடந்தது. வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் மரங்களிலும் மதில்களிலும் ஒட்டப்பட்டன. சொந்தக்காரரை அடையாளங்காண முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். சொந்தக்காரரோ சில மைல்களுக்கு அப்பால் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள்.

2025ஆம் ஆண்டு அறிவித்தலுக்கு எதிராக மக்களும், அரசியற் கட்சிகளும், சமயத் தலைவர்களும் குரல் கொடுத்தார்கள். வழக்கும் தொடரப்பட்டது. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. உரித்தைத் தெளிவாக்குவதே நோக்கம் என்று அரச தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது.

இக்கதையிலிருந்து நாம் படிக்க வேண்டியவை இரண்டு. தலைவர் மாறினாலும் அலுவலகத்துக் கோப்புகள் தம் பழைய வழியிலேயே நடந்துகொண்டிருக்கும் என்பது ஒன்று. மக்கள் காலத்தோடு எழுந்து கேட்டால் அக்கோப்பைத் திருப்பி அனுப்பவும் முடியும் என்பது மற்றையது. முன்னைய ஆட்சிகளில் எளிதில் நடக்காத ஒன்று இம்முறை சில மாதங்களில் நடந்தது. இதை எதிர்பார்ப்புப் பக்கத்திலும் எழுதலாம், ஐயத்தின் பக்கத்திலும் எழுதலாம். இரண்டிலும் எழுதிக்கொள்வதே நேர்மை.

நாபோத்தின் திராட்சைத் தோட்டம்

விவிலியத்தில் அரசர்கள் முதலாம் நூலில் நாபோத்தின் கதை வருகிறது. ஆகாபு அரசனின் மாளிகைக்கு அருகே நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன் என்றான் அரசன். மூதாதையர் வழிவந்த உரிமையை விற்க நாபோத்து மறுத்துவிட்டான். இறுதியில் பொய்ச் சாட்சி வைத்து அவனைக் கொன்றார்கள்.

இக்கதையில் நாம் கவனிக்கத் தவறும் ஓரிடம் உண்டு. அரசன் தானாகச் சென்று தோட்டத்தைப் பறிக்கவில்லை. அவன் பெயரில், அவன் முத்திரையோடு கடிதங்கள் எழுதப்பட்டன. ஊரின் பெரியவர்கள் அக்கடிதத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள். முத்திரையிட்ட கடதாசி, அதற்குத் தலையாட்டும் உள்ளூர்ப் பெரியவர்கள், பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அயல் ஆகியவை சேர்ந்தே அநீதியை நிறைவேற்றின. ஆகவே அரசன் நல்லவனா கெட்டவனா என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடக்கூடாது. அவன் பெயரில் போகும் கடிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்றும் வாசிக்க வேண்டும்.

எதைக் கொண்டு அளப்பது?

பேச்சை அளக்க எங்களிடம் கருவியில்லை. நிலத்தையும் நெல்லையும் அளக்கத் தெரியும். அந்தத் தெரிந்த அளவுகளையே தலைவருக்கும் வைப்போம்.

முதலாம் அளவு காணி. எத்தனை பரப்பு, எந்தக் கிராம அலுவலர் பிரிவில், எந்தத் திகதிக்குள் என்று சொல்லப்படுகிறதா? விடுவிக்கப்படும் என்ற சொல் முப்பது வருடங்களாகக் கேட்டுத் தேய்ந்த சொல். இது வலிகாமம் வடக்கோடு முடியும் விடயமுமல்ல. 1984இன் இறுதியில் எழுப்பப்பட்ட கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்களின் வயல்கள் பின்னர் மகாவலி அதிகாரசபையின் பொறுப்பில் போனதும், போர்க்காலத்தில் பற்றை மண்டிய வன்னி வயல்கள் வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்களுக்குள் அகப்பட்டதும் இதே கணக்கில் சேரவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் காணிகளும் அதே நீதியோடு பார்க்கப்பட வேண்டும். எங்களுக்கு மட்டும் கேட்கும் நீதி நெடுங்காலம் நிற்காது.

இரண்டாம் அளவு விலை. 2025 பெப்ரவரி 5ஆம் திகதி நெல்லுக்கான உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோ நாட்டரிசி நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 ரூபா, கீரிச்சம்பாவுக்கு 132 ரூபா. விலை போதுமா என்பது ஒரு கேள்வி. அது வந்த நேரம் இன்னொரு கேள்வி. அறிவித்தல் வந்த வேளையில் சில பகுதிகளில் அறுவடை தொடங்கிவிட்டது. கடன்பட்டுப் பயிர் செய்தவர் நெல்லை வைத்துக்கொண்டு இருக்கமாட்டார். களத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார். விதைப்பதற்கு முன் விலை தெரிய வேண்டும் என்று கேட்பது பேராசையல்ல.

மூன்றாம் அளவு அதிகாரம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் காணி பற்றிச் சில அதிகாரங்களை மாகாணங்களுக்குக் கொடுத்தது. வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே மாகாணம் நடந்தது. கொழும்பில் நல்லவர் இருந்தால் நல்லது நடக்கும், கெட்டவர் வந்தால் கெட்டது நடக்கும் என்ற நிலையில் எந்தக் கமக்காரரும் பாதுகாப்பாக இருக்க முடியாது. 2021இன் பசளைத் தடை சிங்களக் கமக்காரருக்கும் இதையே படிப்பித்தது. ஒரு மனிதரின் கையெழுத்தில் முழு நாட்டின் போகமும் தொங்கக்கூடாது.

எங்கள் கையில் இருப்பவை

முல்லைத்தீவு மாவட்டத்தில் கேப்பாப்புலவின் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31ஆம் திகதி விமானப்படை முகாமின் வாசலில் அமர்ந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். வெயிலிலும் பனியிலும் ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1ஆம் திகதி தங்கள் காணிக்குள் காலடி வைத்தார்கள். இரணைதீவு மக்கள் 1992இல் எழுப்பப்பட்டவர்கள். 2018 ஏப்ரில் 23ஆம் திகதி படகுகளில் ஏறித் தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். இவ்விரண்டிலும் அரசு பின்னர் இணங்கியது. முதல் அடியை எடுத்து வைத்தவர்கள் மக்களே.

ஆகவே தலைவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒவ்வொரு குடும்பமும் செய்து முடிக்கக்கூடிய சில காரியங்களை இங்கே கூறுகிறோம்.

ஒரு கொப்பியில் காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, உறுதி அல்லது அனுமதிப்பத்திர இலக்கம், கடைசியாகப் பயிர் செய்த ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். இது தெரிந்த முதியவர் வீட்டில் இருக்கும்போதே எழுதுங்கள். அவர் போனபின் எல்லை வேலியில் நின்ற பூவரசைச் சொல்ல ஆளிருக்காது.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டு, பழைய மின்சாரப் பட்டியல், கமநல சேவை நிலையப் பதிவு போன்றவையும் சாட்சிகளே. எதையும் எறிய வேண்டாம். பிரதி ஒன்றை உறவினர் வீட்டிலோ பங்குத் தந்தையிடமோ கொடுத்து வையுங்கள்.

அலுவலகத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதி வைத்து, கிடைத்ததென்று திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்ன முறைப்பாட்டை அடுத்த உத்தியோகத்தர் அறியமாட்டார்.

கணவனை இழந்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றத் திட்டக் காணிகளின் பின்னுரித்தில் மூத்த மகனுக்கு முன்னிடம் கொடுத்த பழைய ஒழுங்கு, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்தால் மாற்றப்பட்டது. பெண்பிள்ளைக்கு உரிமையில்லை என்று எவராவது சொன்னால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, தனித்தனியாகப் போகாதீர்கள். இருபது குடும்பங்களின் கொப்பிகளை ஒன்றாக வைத்தால் அது ஓர் ஊரின் வரைபடமாகிவிடும். அந்த வரைபடத்தோடு போகிறவர்களைச் சொந்தக்காரரை அடையாளங்காண முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது கடினம்.

தலைவரில் நம்பிக்கை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். அவர் செய்த நல்லதை மறைக்காமல் சொல்வோம். செய்யாததைத் திகதி போட்டுக் கேட்போம். அடுத்த முறை அவருடைய பிரதிநிதியோ, வேறெந்தக் கட்சியின் பிரதிநிதியோ ஊருக்கு வரும்போது மாலையோடு வரவேற்பது எங்கள் பண்பு. மாலையோடு அந்தக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.